ஷெர்கின் வெட்டிய கிணறு

உறைநிலத்தின் கதை – 6

சைபீரியாவின் யாகூத்ஸ்க் ஊரில் தண்ணீருக்குத் திண்டாட்டம் என்றால் வரைபடத்தைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். ஊரை ஒட்டி ஓடுவது லேனா, உலகின் மிகப் பெரிய ஆறுகளில் ஒன்று. ஆனால் வருடத்தில் ஏறக்குறைய ஏழு மாதம் அந்த ஆறு பனிக்கட்டிக்கு அடியில் கிடக்கும். சனவரியில் சராசரிக் குளிரே பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியை நெருங்கும். ஊர்க்காரர்கள் ஆற்றின் மேல் நின்று பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்து, வண்டியில் ஏற்றி வந்து, வாசலில் அடுக்கி வைப்பார்கள். வேண்டும்போது ஒரு பாளத்தை உள்ளே தூக்கிப் போய் அடுப்பருகே தொட்டியில் போட்டால், அது உருக உருகக் குடிநீர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்றைக்கும் இதுதான் வழக்கம்.

இந்தப் பாட்டிலிருந்து விடுபட நினைத்தார் ஒரு வணிகர். பெயர் ஃபியோதர் ஷெர்கின். அலாஸ்காவில் தோல் வாணிபம் நடத்திய ரஷ்ய-அமெரிக்கக் கம்பெனியின் யாகூத்ஸ்க் அலுவல்களைக் கவனித்துவந்தவர். 1828இல் தம் முற்றத்தில் ஆட்களை விட்டுக் கிணறு வெட்டத் தொடங்கினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை நமக்குத் தெரியும். ஷெர்கினின் கிணற்றில் கடைசிவரை ஒரு குடம் தண்ணீர்கூட ஊறவில்லை. ஆனால் மனிதர்கள் வெட்டிய கிணறுகளில் அறிவியலுக்கு இவ்வளவு பயன்பட்ட இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது உள்ளூரில் ரகசியமே அல்ல. யாகூத்ஸ்க் கோட்டை 1632இல் எழுந்தது. பத்து வருடத்துக்குள்ளாகவே, இங்கே தானியம் விளையும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நடுக்கோடையிலும் நிலம் முழுதாக இளகுவதில்லை என்று வணிகர்களும் வேட்டைக்காரர்களும் சொன்னதை, கவர்னர்கள் கோலோவினும் க்ளேபொவும் ஜார் மன்னருக்கு எழுதியனுப்பினார்கள். 1680களில் வந்த இன்னொரு கவர்னர், கோட்டைக்குள் கிணறு தோண்ட எந்த வழியும் இல்லை, கோடையில் இரண்டு அர்ஷினுக்குக் கீழே நிலம் இளகியதே கிடையாது என்று தெரிவித்தார். இரண்டு அர்ஷின் என்பது ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரஷ்யர்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே அங்கே வாழ்ந்த சாஹா மக்கள் நிலத்தைக் குடைந்து இறைச்சியும் மீனும் வைக்கும் நிலவறைகள் அமைத்திருந்தார்கள். அந்த அறைக்குப் புலூஸ் என்று பெயர். கோடை வெயில் மேலே காய்ந்துகொண்டிருக்க, புலூஸில் இறைச்சி கல்லாக உறைந்திருக்கும். நிலம் உறைந்திருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேறென்ன வேண்டும்?

ஐரோப்பாவின் அறிஞர்களுக்கு வேண்டியிருந்தது. சென்ற பகுதியில் பார்த்த யோஹான் கேயோர்க் க்மேலின், இரண்டாம் கம்சாத்கா பயணத்தின்போது யாகூத்ஸ்கில் தங்கி, 1736 நவம்பர் தீ விபத்தில் குறிப்புகளைப் பறிகொடுத்து, நினைவிலிருந்தும் மறுபடி சேகரித்தும் எழுதிய நூல்களில் உறைந்த நிலத்தைத் தெளிவாகவே சொல்லியிருந்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகும், தம் காலத்துப் புவியியலாளர்களில் முதன்மையானவராக மதிக்கப்பட்ட லேயோபோல்ட் ஃபான் புக், புதரும் மரமும் வளர்கிற இடத்தில் சில அடி ஆழத்தில் நிலம் கோடையிலும் உறைந்திருக்கிறது என்ற செய்திகளை நம்பத்தக்கவை அல்ல என்று ஒதுக்கினார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. யாகூத்ஸ்கைச் சுற்றி இருப்பது அடர்ந்த லார்ச் காடு. வேர் எங்கே போகும்? விடை எளிது. வேர் கீழே போவதில்லை. இளகும் மேல் அடுக்கில் பக்கவாட்டில் பரவுகிறது. அந்தக் காட்டில் காற்றுக்குச் சாய்ந்த மரம் ஒன்றைப் பார்த்தால், அதன் வேர்த்தொகுதி முழுவதும் ஒரு பாயைச் சுருட்டித் தூக்கியதுபோலத் தட்டையாகப் பெயர்ந்து நிற்கும். மழை குறைவான அந்த ஊரில் மரம் உயிர்வாழ்வதே அடியில் உள்ள உறைநிலத்தால்தான். பெய்கிற கொஞ்ச நீரையும் அது கீழே இறங்கவிடாமல் வேரடியில் தாங்கிப் பிடிக்கிறது. உறைநிலம் இருக்குமிடத்தில் காடு எப்படி என்று புக் கேட்டார். காடு இருப்பதே அதனால்தான் என்பது பின்னால் தெரிந்தது.

கிணற்றுக்கு வருவோம். முதல் வருடத்துக்குள் ஆட்கள் பதினைந்து மீட்டரைத் தாண்டிவிட்டார்கள். மண் இளகவில்லை. 1829இல் உலகைச் சுற்றிவந்துகொண்டிருந்த ஜெர்மானிய இயற்பியலாளர் கேயோர்க் அடோல்ஃப் எர்மன் யாகூத்ஸ்கில் இறங்கினார். கிணற்றுக்குள் வெப்பமானியை இறக்கிப் பார்த்தார். பூஜ்யத்துக்குக் கீழே ஏழு டிகிரிக்கு மேல் காட்டியது. ஆழம் கூடக் கூட நிலம் எந்த வீதத்தில் வெதுவெதுப்பாகும் என்று கணக்குப் போட்டு, இன்னும் பல நூறு அடி போனாலொழிய நீருக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார். தண்ணீருக்காக வெட்டுகிறவர் இதைக் கேட்ட பிறகு குழியை மூடியிருக்க வேண்டும்.

மூடாமல் இருந்ததற்குக் காரணம் இன்னொருவர். சைபீரியாவின் வடகரையை நாய்வண்டிகளில் அளந்து பெயர்பெற்ற கடற்படை அதிகாரி ஃபெர்டினாண்ட் ராங்கெல், கம்பெனியின் அலாஸ்கா குடியேற்றங்களுக்குத் தலைவராகப் பதவியேற்கப் போகும் வழியில் யாகூத்ஸ்கைக் கடந்தார். தண்ணீர் வராவிட்டால் போகட்டும், நிலம் எவ்வளவு ஆழம்வரை உறைந்திருக்கிறது என்று தெரியட்டும், நிறுத்தாதீர்கள் என்று ஷெர்கினிடம் கேட்டுக்கொண்டார். ஷெர்கின் நிறுத்தவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் மதிப்புக் கூடுகிறது. அவர் கல்விமான் அல்ல. தொடங்கிய நோக்கம் கைகூடாது என்று தெரிந்த பிறகும், கேள்வி நல்ல கேள்வி என்பதற்காகவே ஆண்டுக்கணக்கில் உழைப்பையும் பணத்தையும் மண்ணுக்குள் இறக்கினார்.

உறைந்த களிமண்ணையும் மணலையும் வெட்டுவது பாறையை வெட்டுவதைப் போன்ற வேலை. அப்படி வெட்டிய கட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் இந்த நிலத்தின் இயல்பு விளங்கும். மண்ணும் பனியும் கலந்து கிடப்பதில்லை. தனித்தனியே பிரிந்து நிற்கின்றன. சாம்பல்நிறக் களிமண்ணுக்கு நடுவே மயிரிழை கனத்திலிருந்து விரற்கடை கனம்வரை தெளிந்த பனிக்கட்டி இழைகள், அடுக்கடுக்காக. கட்டி கையில் இருக்கும்வரை கல். ஓரத்தில் சொட்டத் தொடங்கி, இழைகள் உருகி, சற்று நேரத்தில் விரலிடுக்கில் வழிகிற சேறாகிவிடும். அந்த மண் தாங்கக்கூடியதைவிட அதிக நீரைப் பனியாகத் தன்னுள் வைத்திருக்கிறது. இவ்வளவு நீர் எங்கிருந்து வந்தது, மண் உறையும்போது நீர் ஏன் இப்படிப் பிரிந்து இழையாகிறது என்ற புதிரை விடுவித்தவர், குளிர் அதிகம் தெரியாத தெற்குக் கரோலினாவில் இருந்த ஒரு பேராசிரியர், ஸ்டீஃபன் டேபர். அதற்கு இன்னும் நூறு வருடம் ஆக வேண்டும். அவர் கதை தனி அத்தியாயத்துக்கு உரியது.

1837இல் தோண்டுவது நின்றது. ஆழம் 116 மீட்டரைத் தாண்டியிருந்தது. முப்பது மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக இறக்கினால் கொள்ளும் ஆழம். அடியில் நின்றவர்களின் காலடியிலும் நிலம் உறைந்தே இருந்தது.

செய்தி பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தை எட்டியபோது அதைத் துள்ளி எழுந்து பிடித்துக்கொண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர். பாலூட்டிகளின் முட்டையைக் கண்டறிந்த அதே பேயர்தான். கருவளர்ச்சி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றுவிட்ட மனிதர், இந்த வேளையில் சைபீரிய மண்ணின் பனிமேல் முழு மனத்தையும் வைத்தார். 1838இல் லண்டனின் ராயல் புவியியல் கழக இதழில் கிணற்றைப் பற்றி எழுதினார். பயணிகள் சொன்ன தகவல்களையெல்லாம் திரட்டி ஒரு முழுநூலே எழுதி முடித்தார். எப்படி அளக்க வேண்டும், எங்கே அளக்க வேண்டும், தெற்கே எதுவரை இந்த உறைநிலம் பரவியிருக்கும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அந்த நூல் அவர் காலத்தில் வெளிவரவில்லை. ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக நூலகத்தில் கிடந்து, 2001இல்தான் அச்சேறியது. உறைநிலத்தைப் பற்றிய முதல் முறையான நூல் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அலமாரியில் இருந்துவிட்டது. அது அன்றே வெளிவந்திருந்தால் பின்னால் அந்த நிலத்தில் ரயில்பாதை போட்டவர்கள் பட்ட பாட்டில் பாதி குறைந்திருக்கும் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது.

நூல் போகாத இடத்துக்கு ஆள் போனார். பேயரின் பரிந்துரையில் பீட்டர்ஸ்பர்க் கழகம் அனுப்பிய அலெக்சாண்டர் ஃபான் மிடென்டார்ஃபுக்கு அப்போது வயது இருபத்தேழு. 1842இல் கிளம்பினார். கிணற்றுக்கு வருவதற்கு முன் தைமீர் தீபகற்பத்தின் வடகரைவரை போய்த் திரும்பும் வழியில், 1843 ஆகஸ்டில், படகும் போய் உணவும் தீர்ந்து, நோயில் நடக்க முடியாமல் விழுந்தார். கூட வந்த நால்வரையும் உதவி தேடி அனுப்பிவிட்டு, பனியில் தனியே பதினெட்டு நாள் கிடந்து உயிர் பிழைத்தார். அந்த மனிதர் அடுத்த பிப்ரவரியில் யாகூத்ஸ்கில் இருந்தார். உடனே கிணற்றுக்குள் இறங்கினார்.

அவர் அளந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். கிணற்றுக்குள் வெப்பமானியைக் கயிற்றில் தொங்கவிட்டால் அது மண்ணின் குளிரைக் காட்டாது, கிணற்றுக்குள் இருக்கும் காற்றின் குளிரைக் காட்டும். குளிர்காலத்தில் வெளியே இருக்கும் கடுங்குளிர்க் காற்று கனமாகிக் கிணற்றுக்குள் வழிந்து அடியில் தங்கிவிடும். பல குளிர்காலம் அப்படி வழிந்து சுவரையே குளிரவைத்திருந்தது. ஆகவே மிடென்டார்ஃப் வெவ்வேறு ஆழங்களில் கிணற்றுச் சுவரைக் குடைந்து, துளையின் உள்கோடியில் வெப்பமானிகளைச் செருகி, வாயை அடைத்து, மண்ணின் வெப்பம் அதில் ஏறும்வரை காத்திருந்து படித்தார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கயிற்றில் தொங்கியபடி, மூச்சுக்காற்று உறையும் குழியில் இந்த வேலை நடந்தது. மேலே சில மீட்டர் ஆழத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 11 டிகிரி. கீழே போகப் போகக் குளிர் மெல்ல மெல்லக் குறைந்து, 116 மீட்டர் அடியில் வெறும் 3 டிகிரி.

இந்த எண்களை வரிசையாக எழுதினால் அதற்கு மேல் கிணறு வெட்டத் தேவையில்லை. பூமியின் உள்வெப்பம் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. மேலிருந்து குளிர் இறங்குகிறது. இரண்டும் சந்திக்கிற பூஜ்ய டிகிரிக் கோடுதான் உறைநிலத்தின் அடித்தளம். அதே சரிவில் கோட்டை நீட்டிப்பார்த்து, யாகூத்ஸ்கின் அடியில் உறைநிலம் ஏறக்குறைய 200 மீட்டர் கனம் என்றார் மிடென்டார்ஃப். சுவர் குளிர்ந்துபோனதால் எண்களில் பிழை இருக்கிறது என்று பிற்பாடு பலர் வாதிட்டார்கள். அந்த விவாதம் பல பத்தாண்டு நீண்டது. இருபதாம் நூற்றாண்டில் இயந்திரத் துளைகள் உறைநிலத்தை ஊடுருவிச் சென்றபோது கிடைத்த விடை, மிடென்டார்ஃபின் எண்ணுக்கு வெகு அருகில் நின்றது. அந்தத் துளைகளில், உறைநிலத்துக்குக் கீழே, தண்ணீரும் இருந்தது. ஷெர்கின் தேடியது அங்கேதான் இருந்தது. அவர் வெட்டிய ஆழத்துக்கு வெகு கீழே.

மிடென்டார்ஃப் கிணற்றோடு நிற்கவில்லை. 1844 வசந்தத்தில் யாகூத்ஸ்கிலிருந்து கிளம்பி, அம்கா வழியாகத் தென்கிழக்கே ஒஹோத்ஸ்க் கடலை நோக்கிப் போனார். வழியில் பள்ளத்தாக்குகளில் அவர் கண்ட ஒரு காட்சி விந்தையானது. கோடை நெருங்கும் வேளையில், சுற்றிலும் மரங்கள் துளிர்விட, ஆற்றுப்படுகையில் மட்டும் ஆளுயரத்துக்கு மேல் பனிக்கட்டி மேடையாகப் பரந்து கிடக்கும். குளிர்காலத்தில் ஆற்றின் மேற்பகுதி உறைந்து அடிவரை இறுகும்போது, கீழிருந்து வரும் ஊற்றுநீருக்குப் போக வழியில்லை. மேலே உறைபனி, கீழே உறைநிலம். நெருக்கப்பட்ட நீர் பனியைப் பிளந்து மேலே வழிந்து உறையும். அதன்மேல் மறுபடி வழியும், மறுபடி உறையும். இப்படிக் குளிர்காலம் முழுக்க அடுக்கின்மேல் அடுக்காக வளர்ந்தது அந்த மேடை. சாஹா மக்கள் இதைத் தாரின் என்கிறார்கள். மிடென்டார்ஃப் ஜெர்மானிய மொழியில் இதற்கு ஔஃப்ஐஸ் என்று பெயரிட்டார். அந்தச் சொல் இன்றும் அறிவியலில் நிலைத்திருக்கிறது.

அவர் முதலில் கடந்துபோன நிலம்தான், என் எண்ணத்தில், இந்தத் தொடர் முழுமைக்கும் நடுநாயகம். லேனாவுக்கும் அல்தான் ஆற்றுக்கும் இடைப்பட்ட சமவெளி. லார்ச் காட்டின் நடுவே திடீரென்று மரம் அறுந்து, வட்டமாக ஒரு புல்வெளி இறங்கும். சிலது சில நூறு மீட்டர் அகலம், சிலது பல கிலோமீட்டர். நடுவில் பெரும்பாலும் ஓர் ஏரி, ஏரியைச் சுற்றிப் புல், புல்லில் குதிரையும் மாடும், ஓரத்தில் வீடுகள். இதன் பெயர் அலாஸ். சாஹா மக்களின் வாழ்வே அலாஸைச் சுற்றி அமைந்தது. நெடுங்குளிருக்கான வைக்கோல் அலாஸில்தான் கிடைக்கும். வைக்கோல் இல்லாவிட்டால் மாடு இல்லை.

இந்த வட்டப் புல்வெளியை உண்டாக்கியது ஆறு அல்ல. நிலத்தின் அடியிலிருந்த பனி. பனியுகத்தின் கடுங்குளிரில் மண் சுருங்கி வெடிக்கும். காய்ந்த குளத்து வண்டலில் வருமே, அதைப்போன்ற பலகோண வெடிப்பு. வெடிப்புக்குள் வசந்தத்தில் உருகுநீர் இறங்கி உறையும். அடுத்த குளிர்காலத்தில் அதே இடம் மறுபடி வெடிக்கும். மறுபடி நீர், மறுபடி பனி. ஒரு வருடத்துக்குச் சேர்வது சில மில்லிமீட்டர். ஆயிரக்கணக்கான வருடம் தொடர்ந்தால், பல மீட்டர் அகலமும் பத்து மீட்டருக்கு மேலான ஆழமும் உள்ள பனி ஆப்புகள் நிலத்துக்குள் வலைப்பின்னலாக நிற்கும். மேலே காடு. அடியில் பாதிக்கு மேல் பனி. இந்த ஆப்புகள் எப்படி வளர்கின்றன என்று முறையாக நிறுவியவர், அலாஸ்காவின் வடகரையில் பல குளிர்காலம் தங்கி ஆராய்ந்த எர்னெஸ்ட் லெஃபிங்வெல். அவருடைய கட்டுரை 1915இல் வந்தது.

இப்போது மேலிருக்கும் காடு எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது பருவநிலையே சூடாகிறது. நிழலும் பாசியும் போனபின் கோடை வெப்பம் இன்னும் ஆழமாக இறங்கும். ஆப்புகளின் தலை உருகும். வலைப்பின்னலின் மேல் பள்ளம் விழ, நடுவிலிருந்த மண் மேடாக எழுந்து நிற்கும். இதற்குச் சாஹா மொழியில் பைஜராக். பள்ளங்களில் நீர் தேங்கும். நீர் வெயிலை வாங்கிச் சேர்த்து அடியை மேலும் உருக்கும். மேடுகள் சரிந்து குளத்தில் விழும். குளங்கள் சேர்ந்து ஏரியாகும். ஏரி கரையை அரித்து அகலும். அடியில் உருகப் பனி தீர்ந்ததும் வளர்ச்சி நிற்கும். வறண்ட வருடங்களில் ஏரி சுருங்கும். வண்டல் படிந்த தரையில் புல் முளைக்கும். அங்கே முடியவில்லை. ஏரி வற்றிய பின், இளகிக் கிடந்த ஏரியடி மண்ணைக் குளிர் நான்கு பக்கமும் சூழ்ந்து மறுபடி உறையவைக்கும். அகப்பட்ட நீர் ஒதுங்க இடமில்லாமல் நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு குன்றாக எழும்பும். உள்ளே தூய பனிக்கட்டி, மேலே புல்மண் போர்வை. அதற்குப் புல்குன்யாக் என்று பெயர். கனடாவின் இனுவியாலுயித் மக்கள் இதையே பிங்கோ என்கிறார்கள். உலகப் பாடநூல்களில் ஏறியது அவர்களுடைய சொல்.

இந்த வட்டப் பள்ளங்களில் பெரும்பாலானவை பனியுகம் முடிந்து பருவநிலை வெதுவெதுப்பான காலத்தில், சுமார் பத்தாயிரம் வருடத்துக்கு முன்னும் பின்னுமாக உண்டானவை. அலாஸ் எப்படிப் படிப்படியாக உருவாகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வகுத்துச் சொன்ன யாகூத்ஸ்க் ஆராய்ச்சியாளர் சொலோவியொவ், ஒவ்வொரு நிலைக்கும் சாஹா மக்களின் சொற்களையே எடுத்துக்கொண்டார். தேடிப்போய் வேறு சொல் செய்ய வேண்டியிருக்கவில்லை. மாடு மேய்த்தவர்கள் எல்லா நிலையையும் ஏற்கெனவே பார்த்துப் பெயர் வைத்திருந்தார்கள்.

ஷெர்கினின் கிணறு இன்றும் யாகூத்ஸ்கில் இருக்கிறது. வாயைச் சுற்றி மரக்கட்டடம் ஒன்று. அதே ஊரில் 1960இல் தொடங்கிய உறைநில ஆராய்ச்சி நிறுவனம் அதில் மறுபடியும் மறுபடியும் வெப்பமானி இறக்கியிருக்கிறது. நகரத்தின் அடுக்குமாடிகள் தூண்களின்மேல் நிற்கின்றன. தரைக்கும் கட்டடத்துக்கும் நடுவே குளிர்காற்று புகுந்து வெளியேற வேண்டும், வீட்டின் சூடு மண்ணை எட்டக்கூடாது என்பதற்காக. வெந்நீர்க் குழாய்களும் மண்ணுக்குள் போகாமல் சாலைக்கு மேலே வளைந்து தாவிப் போகின்றன.

ஆற்றுக்கு அக்கரையில், கிழக்கே, சுராப்சா என்ற ஊர். அலாஸ் நாட்டின் நடுவில் உள்ளது. அங்கே முன்பு ஒரு விமானத்தளம் இருந்தது. காட்டை வெட்டிச் சமன்செய்த நிலம். விமானங்கள் நின்றுபோன பிறகு அந்தத் தளத்தில் ஒரு பலகோண வலை மேலே தெரியத் தொடங்கியது. வலையின் கோடுகள் பள்ளமாயின, கண்கள் மேடாயின. இன்று மேடுகள் ஆளை மறைக்கும் உயரத்தை நெருங்குகின்றன. பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது.